கடை எத்தனை மணி வரைக்கும்?

— ...அப்புறம் மாஸ்டர், ஜாக்கெட் கை ரெண்டு விரல் நீளமா இருக்கு. கு... குறைச்சுக் குடுங்க.

— ம்ம்.

— வாயில குண்டூசிய வச்சுக்கிட்டு எதுக்கெடுத்தாலும் ‘ம்ம்’! முழுங்கிடப் போறீங்க.

— ம்ஹும்.

— என் குரல் எங்கயாவது கேட்ட மாதிரி இருக்கா?

— ம்ஹும்.

— புதன்கிழமை சாயங்காலம், நாலு மணி. “க... க... கடை எத்தனை மணி வரைக்கும்?”னு ஒரு பொண்ணு ஃபோன் பண்ணுவாளே.

— நீயாம்மா அது!

— ஐயோ, ஊசி! ஊசி!

— கீழதான் விழுந்துச்சு. வாராவாரம்... நீயா?

— மூணு வருஷம். திக்கிப் பேசுறவங்க அஞ்சு பேரு, நூலகத்து மாடியில கூடுவோம். யாரும் அவசரப்படக் கூடாதுன்னு கடிகாரத்த சுவத்துப் பக்கமா திருப்பி வச்சிடுவோம். நடுவுல ஒரு ஸ்டூல், அது மேல ஃபோன். ஏதாவது ஒரு கடைக்குப் பேசணும், அதான் பயிற்சி. பேக்கரிக்காரங்க ரெண்டு தடவ ஹலோ சொல்லிட்டு வச்சிடுவாங்க. உங்க கடை நம்பர் என் துணிப்பையில அச்சடிச்சிருந்துச்சு.

— நான் வைக்கல.

— நீங்க மட்டும்தான் வைக்கல. நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் தையல் மெஷின் சத்தம்கூட நின்னுடும். அப்புறம் ‘எட்டு’ம்பீங்க. அவ்வளவுதான், ரூமே கை தட்டும். எங்க கூட்டத்துல ஒரு நெட்டையன், ஒட்டடைக்குச்சின்னு கூப்பிடுவோம், நாற்காலி மேல ஏறி ஃபேன்ல இடிச்சுக்குவான்.

— கைதட்டல்... இங்க கேக்கும்மா. அதுக்காகவே வைக்க மாட்டேன்.

— ஆனா நீங்க சொன்னது பொய்.

— என்ன பொய்?

— நன்றி சொல்லலாம்னு ஒரு நாள் ஏழு மணிக்கு ஓடி வந்தேன். பூட்டு தொங்குது.

— அன்னைக்கு... உடம்பு சரியில்ல.

— அடுத்த வாரமும் வந்தேனே!

— கைய நீட்டு. அளவு பாக்கணும்.

— நல்லா மழுப்புறீங்க. சரி, வந்த விஷயம். இப்ப அந்த ரூம நான்தான் நடத்துறேன். புதுசா ஏழு பேரு. ஒருத்திக்கு ‘டீ’ன்னு சொல்ல வராதாம், வாயில வர்றது காபி. அதனால காபியே குடிக்கிறா, பிடிக்காமலே. நானும் பத்து வருஷம் அப்படித்தான் குடிச்சேன்.

— பிடிக்காமலேயா...

— என்ன, சிரிப்பே வரல?

— ஒண்ணுமில்ல. சொல்லு.

— நாளைக்குத்தான் அவ முதல் ஃபோன். உங்களுக்குப் பண்ணட்டுமா? வேற எவனாவது பாதியில வச்சுட்டா, அவ தி... திரும்பி வர மாட்டா மாஸ்டர். எனக்குத் தெரியும்.

— வேண்டாம்மா. நான்... பேசுற ஆளு இல்ல.

— ஒரே ஒரு வார்த்தைதானே! எங்க, இப்பவே பாப்போம். ம்ஹும், அந்த ஊசிய மறுபடி எடுக்கக் கூடாது. க... க... கடை எத்தனை மணி வரைக்கும்?

— ...

— நான் காத்திருப்பேன்.

— ஆ... ஆ... ஆறு. அப்பவும் ஆ... ஆறுதாம்மா. எட்டுதான் எனக்கு வாயில வரும்... அவள ஃபோன் பண்ணச் சொல்லு. நானும் ப... பழகணும்.