மீதி பதினேழு வரி

இரவு ஒன்றே முக்கால். கிடங்குகள் மட்டுமே இருக்கிற சாலை. ஒரு பக்கம் நீளச் சுவர், மறுபக்கம் வரிசையாகப் பூட்டிய ஷட்டர்கள். ஒரே ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருக்கிறது... அதை ஓட்டுகிறவர் ஒரே சுருதியில் "பூ..." என்று முனகிக்கொண்டே போகிறார்.

"யாரு, பேயா?"

பேயில்லை. அவசரப்படாதே. என் சிநேகிதியின் சித்தி மகன். லிஃப்ட் மெக்கானிக், ஐம்பத்திரண்டு வயது. போர்வையை எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி இழுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

அன்றைக்கு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. இவர் போய் உள்ளே இருந்தவரை இறக்கினார். அபாய மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேட்டரி இறங்கிப்போயிருந்ததால் வழக்கமான கீச்சுச் சத்தம் இல்லை. தொண்டை கட்டியதுபோல் ஒரு "பூ...". கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே சத்தம்... நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வீட்டுக் கணினி போட்ட சத்தம். வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுமோ என்றுதான் அந்த முனகல்.

அவருக்கும் அவருடைய பள்ளித் தோழரான ஒரு பல் டாக்டருக்கும் ஒரு கிறுக்கு. சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடினார்களே, அந்தப் பழைய வீட்டுக் கணினியைத் திரும்ப உண்டாக்குவது. அந்தக் காலத்துப் பாகங்கள் இப்போது கிடைக்காது. ஆனால் ஒருவகைச் சிப் கிடைக்கிறது. வாங்கும்போது அது எதுவுமே இல்லை. 'நீ இன்ன இயந்திரமாக இரு' என்று எழுதி ஏற்றினால் அந்த இயந்திரமாகவே ஆகிவிடும். மின்சாரம் போனால், தான் யார் என்பதே அதற்கு மறந்துபோகும்.

"சாமியாடிக்கு இறங்கற மாதிரி இருக்கே!"

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயாகத்தான் சொல்கிறாய்.

மெக்கானிக்கின் மனைவி வாய்விட்டே சொல்லிக்காட்டுவாள். "பகல் பூரா ஊரார் லிஃப்டு, ராத்திரி பூரா இந்தப் பொட்டி. வீட்ல நான் ஒருத்தி இருக்கேன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"விடு தங்கச்சி," என்பார் டாக்டர். "பகல்ல பல்லைப் பிடுங்கறேன், ராத்திரி ஒயரைப் பிடுங்கறேன். வேற எங்கயும் போகலையேன்னு சந்தோஷப்படு."

டாக்டருக்கு அது விளையாட்டு. மெக்கானிக்குக்கு அப்படியில்லை.

அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு, இவருக்குப் பன்னிரண்டு. பத்திரிகைகளில் விளையாட்டுகளை எண் எண்ணாக, வரி வரியாக அச்சடித்துத் தருவார்கள். அதைத் தட்டச்சு செய்தால்தான் விளையாடலாம். தம்பி உரக்கப் படிப்பான், அக்கா அடிப்பாள். ஒரு வரி முடிந்ததும் "ம்" என்பாள். அந்த "ம்" வந்தால் அடுத்த வரி. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. குளிர்காலத்தில் மார்பில் தைலம் தடவிக்கொண்டுதான் உட்காருவாள்.

கடைசியாக அடித்த விளையாட்டுக்கு நாற்பத்தெட்டு வரி. முப்பத்தோராவது வரியில் தம்பிக்குச் சலித்துவிட்டது.

"இன்னும் பதினேழே பதினேழு வரிதான்டா. படிடா, என் செல்லமில்ல?"

"போக்கா. தூக்கம் வருது."

அதுவரை அடித்ததைக் கேசட்டில் பதிந்துவிட்டு அவளும் படுக்கப் போனாள். அன்று இரவே மூச்சு முட்டி இறந்துபோனாள். வீட்டில் காலையில்தான் பார்த்தார்கள். கணினியை அப்பா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். கேசட்டையும் பத்திரிகையையும் மட்டும் தம்பி ஒளித்துவைத்துக்கொண்டான்.

அந்தப் பதினேழு வரியை அடித்து முடிக்க வேண்டும். அவர் நாற்பது வருஷமாக ஆசைப்பட்டது அது ஒன்றுதான். சிப்பில் கணினி தயாராகியும் எட்டு மாதமாகக் கேசட் ஏறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் பாதியில் பிழை என்று நின்றது.

"கேசட்டு செத்துப்போச்சுடா," என்றார் டாக்டர். "நம்ம மேல தப்பே இல்ல. அந்தக் கம்ப்யூட்டரோட புத்தகத்துல போட்டிருக்கிற வேகம், ஒரு துளி பிசகாம வச்சிருக்கேன்."

அதுதான் தப்பு. லிஃப்டின் அபாய மணியைக் கேட்டபோதுதான் அது மெக்கானிக்குக்கு உறைத்தது. அவர்கள் வீட்டுக் கணினி ஒருமுறை கீழே விழுந்தது. ரேடியோ ரிப்பேர்காரர் அதன் துடிப்பைத் தருகிற சின்னப் படிகத்தை மாற்றி, கையில் கிடைத்த வேறொன்றைப் போட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து அது கொஞ்சம் மந்தமாகவே ஓடியது. அதன் பீப் சத்தமும் இறங்கிப்போனது. அந்த மந்த வேகத்தில் பதிந்த கேசட், சரியான கணினியில் எப்படி ஏறும்?

வீட்டுக்கு வந்தார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். உடுப்பைக்கூட மாற்றவில்லை. முனகிய சுருதி ஒத்துவரும்வரை வேகத்தைக் குறைத்துக் குறைத்து, சிப்பில் எழுதி ஏற்றினார்.

பூ...

அதே சத்தம்.

கீபோர்டு இல்லை. ஏழாம் எண் விசை ஒட்டிக்கொள்கிறது என்று டாக்டர் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். அது மாட்டுகிற இடத்தில், எந்த விசை எப்போது அழுந்துகிறது என்று பதிந்துகொள்ளும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார். சோதனைக்காகப் பலகையில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கேசட்டைப் படிக்கும். அழுத்தினார்.

கேசட் கிறீச்சிட்டது. இரைந்தது... இரைந்தது... நின்றது. பிழை இல்லை.

முப்பத்தொரு வரி திரையில் வந்து நின்றது. அவள் அடித்தது. அதற்குக் கீழே வெறும் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது.

விடியும்வரை பொறுத்திருக்கலாம். டாக்டர் கீபோர்டோடு வந்துவிடுவார். ஆனால் மனசு கேட்கவில்லை. பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். சும்மா, வாய்விட்டுப் படித்துப் பார்ப்போம் என்று...

"முப்பத்திரெண்டாவது வரி. நூத்தி இருபத்தேழு... சைபர்... நாலு..."

டிக்.

விசை அழுந்தினால் ஒலிபெருக்கியில் வருகிற சத்தம். டிக். டிக். திரையில் ஒன்று... இரண்டு... ஏழு.

பத்திரிகையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். படிப்பதை நிறுத்தவில்லை. வரி முடிந்தது. மின்னும் கோடு தானாகக் கீழே இறங்கியது. பின்னால் எங்கேயோ, சன்னமாக... "ம்."

அறை முழுக்கத் தைல வாசனை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாளோ என்று பயம். முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு. கண்ணீர் வழிந்து எண்கள் மங்கின. துடைத்துத் துடைத்துப் படித்தார். நாற்பது தாண்டியதும் சத்தம் தளர்ந்தது. டிக்... டிக்...... டிக்.

"மெதுவா அடி, அக்கா," என்றார். "அவசரமில்ல. நான் இருக்கேன்."

நாற்பத்தெட்டு முடிந்தது. இந்த முறை "ம்" வரவில்லை. அதற்குப் பதில் திரையில் இன்னொரு வரி, ஒவ்வொரு எழுத்தாக வந்தது. எழுத்து ஆங்கிலம், பேச்சு தமிழ். அந்தக் கணினிக்குத் தமிழ் எழுத்து தெரியாதே.

தூங்கிட்டியாடா

காலை ஏழு மணிக்கு டாக்டர் வந்தபோது மெக்கானிக் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அடப்பாவி, ஏத்திட்டியா! எப்படிடா?" என்று குதித்தவர், திரையின் கீழ்ப்பகுதியைப் பார்த்ததும் நின்றார். தோளில் தொங்கிய பைக்குள் கையை விட்டார். கீபோர்டு உள்ளேயேதான் இருந்தது.

"இது இல்லாம எப்படிடா அடிச்சே?"

டாக்டர் அந்தச் சின்னப் பெட்டியின் பதிவைத் திறந்தார். அழுந்திய விசை ஒவ்வொன்றும் இருந்தது. முதல் வரிகளில் நெருக்கமாக. போகப் போக இடைவெளி கூடி... நாலு எழுத்து, நிறுத்தம். மூன்று எழுத்து, நிறுத்தம். இரண்டு...

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "யாரோ மூச்சு வாங்கறாங்கடா இதுல."

அப்போதுதான் மெக்கானிக் வாயைத் திறந்தார். நாற்பது வருஷம் யாரிடமும் சொல்லாததை.

"அன்னிக்கு ராத்திரி சுவத்தைத் தட்டினாடா. ரெண்டு தடவை. 'தூங்கிட்டியாடா'ன்னா. மறுபடி நம்பர் படிக்கச் சொல்லுவாளேன்னு... கண்ணை மூடிக்கிட்டேன். முழிச்சிட்டுதான்டா இருந்தேன். அவ இன்ஹேலர் என் மேசையில இருந்துச்சு. இந்தப் புக்கு மேலயே..."

டாக்டர் நண்பரின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து சீட்டை எடுத்து ஒரு மருந்து எழுதினார். பல் டாக்டர் எழுதுகிற மருந்தா இது என்று கடைக்காரர் சிரித்தாராம்.

புது இன்ஹேலர். மெக்கானிக் அதை அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். மின்சாரம் போனாலும் சிப்புக்கு மறக்காதபடி ஒரு லிஃப்ட் பேட்டரியையும் கொண்டுவந்து மாட்டினார். இதுவரை அணைக்கவில்லை.

"அப்புறம்?"

அப்புறம் என்ன? போன வாரம் என் சிநேகிதி அங்கே போயிருந்தாள். அந்த வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். இருவருக்கும் மூச்சிரைப்பு கிடையாது. மனைவி அந்த அறைப்பக்கமே போவதில்லை.

இப்போது வருகிற இன்ஹேலரில் பின்னால் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். இன்னும் எத்தனை தடவை அழுத்தலாம் என்று எண் காட்டும். வாங்கும்போது இருநூறு. சிநேகிதி பார்த்தபோது நூற்று நாற்பத்தொன்று.

அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவர்கள் இருவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள்.

நூற்று நாற்பது.