ஓரகத்தியின் ஓட்டம்

வாலாஜாபாத் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒரே பட்டுக்கடையில் வேலை என்பது பேச்சில் தெரிந்தது. இளையவள் திடீரென்று சொன்னாள்:

"எங்க ஓரகத்தி ஓடுறதப் பார்த்தா வயிறு எரியுதுக்கா."

"யார்கூட ஓடிட்டா?"

"அய்ய, அது இல்ல. மாரத்தானுக்கு ட்ரெய்னிங் எடுக்குறா. விடிஞ்சதும் பத்து கிலோமீட்டர் ஓடிட்டு வரா. அதுவரைக்கும் அவ குழந்தைக்குப் பால் காய்ச்சிக் குடுக்குறது நான்தான்."

"முடியாதுன்னு சொல்லேன்."

"பெரிம்மான்னு வந்து நிக்குதே, எப்டி சொல்றது? ஞாயித்துக்கிழமை எல்லாரும் வேன்ல தென்னேரி ஏரிக்குப் போனோம். அவ பாதி வழியில எறங்கி ஓடியே வந்து சேர்ந்தா. எங்க வூட்டுக்காரரே கை தட்டுறாரு. நான் அவ குழந்தைய இடுப்புல வச்சிக்கினு புளிசாதம் பிரிச்சிக்கினு இருந்தேன்."

"உனக்கும் ஓடணும்னு ஆசையா?"

"ஸ்கூல்ல ஓட்டத்துல எப்பவும் நான்தான்க்கா ஃபர்ஸ்ட்டு. நேத்து வரைக்கும் அது எங்க வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது."

"நேத்து என்ன ஆச்சு?"

"வாய் தவறி அவகிட்ட சொல்லிட்டேன். நாளைலருந்து நீங்களும் வாங்கக்கா, குழந்தைய அவங்க அப்பா பார்த்துக்கட்டும்னுட்டா. வரலன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

"அவ கூப்ட்டு நான் போறதா?"

இளையவள் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏங்க்கா, நாலு மணிக்கு எழுந்தா டிபன் செஞ்சி வச்சிட்டு ஓடப் போவ முடியுமா?"