சகாயம் அங்கே இல்லை

அல்லோ!… அல்லோ!… யாரு, யூஜினா? கத்தாதடா, கேக்குது, கேக்குது. நீ கத்தற கத்துக்கு டெலிபோனே வேணாம். ஜன்னலைத் தொறந்து வச்சா உப்பளத்துலேர்ந்து நேரா வந்துடும்…

ஆமா, தணிகாசலம் மாமாதான். ஜானகிராமன் மருந்துக்கடையில நிக்கறேன். நிக்கறேன்னா, ஒத்தக் கால்ல. இன்னொரு காலு பூசணிக்கா கணக்கா வீங்கிக் கெடக்குது. டாக்டர் துரை பாத்துட்டு, இப்படி ஒரு காலை நான் பாரீசுலயே பாத்ததில்லன்னு தொப்பியைக் கழட்டிட்டாரு… சிரிக்கறியா? சிரிடா. உங்கம்மா இருந்தா உன்னைவிட ஜாஸ்தி சிரிச்சிருப்பா…

ம்… ம்… அழுவாத. ஆளு தள்ளற புஸ்புஸ் வண்டி சொல்லியிருக்கேன், வந்துடுவேன். கோயில்ல பூசை முடிஞ்சுதா?… கல்லறைக்கே கொண்டாந்துட்டீங்களா? சரி, சரி. எதிர்க் கிடங்குலேர்ந்து பேசறியா… நல்லது. எனக்காக நிறுத்தி வைக்காதீங்க. உங்கம்மா புஷ்பமேரியை அவ கேட்ட மாதிரியே அண்ணன் குழியில வச்சிடுங்க. அம்பது வருஷமா வேற எதையும் கேட்டதில்ல அவ. ‘என்னை சகாயம் அண்ணங்கிட்ட வச்சிடுங்க’ன்னு அது ஒண்ணுதான்…

இன்னா?… இரு, மெதுவா சொல்லு. தோண்டுனீங்க. சரி. எலும்பு வந்துச்சு. வரத்தானடா செய்யும்… பெரிய எலும்பா? மண்ணுல கெடந்து ஊறியிருக்கும்டா…

மெட்டியா?

…ரெண்டு கால்லயுமா?

அது… அது குழி வெட்டற மண்ணாங்கட்டி வேலைடா! வேற யாரு? அவனுக்குக் கண்ணு போயி மாமாங்கம் ஆவுது. எருமை எதிர்ல வந்தா சாமியாருன்னு கும்புட்டு ஒதுங்கற ஆளு அவன். பக்கத்துக் குழியைத் தோண்டித் தொலைச்சிருப்பான்… சிலுவை அதேதானா? எவனாவது மாத்தி நட்டிருப்பான்! எனக்குத் தெரியாதா என் கூட்டாளி சகாயம் குழி? பொண வண்டி பின்னாலயே ஓடிப்போயி, மண்ணு போடறதை இந்த ரெண்டு கண்ணால பாத்தவன் நானு…

அங்க இன்னாடா கூச்சல்?… யாரை அடிக்கறாங்க?… மண்ணாங்கட்டியையா? யாரு, உங்க சித்தப்பனா?… வேணாம். வேணாம்டா. ஓடு, போயி கையைப் புடி. கிழவன்டா அவன்!… போ, நான் இங்கியே இருக்கேன்…

…ஜானகிராமா, ஒரு முக்காலி போடுய்யா. நிக்க முடியல… வேணாம், நீ வெளிய போவ வேணாம். உன் கடை. கேட்டா கேட்டுக்க.

அல்லோ… வந்துட்டியா? விட்டுட்டாங்களா?… ரத்தம் இல்லியே?… யூஜின், கேளு. மண்ணாங்கட்டி மேல தப்பில்ல. அவன் சரியான குழியைத்தான் தோண்டியிருக்கான். நான் காட்டுன குழியை.

ஆமா. ஆமாடா. நான்தான் சொல்றேன்.

நான் வண்டி பின்னால போவல… போவல. வாந்திபேதி வருஷம் அது. முனிசிபால் வண்டி வந்துச்சு, சகாயம் பொணத்தைத் தூக்குனாங்க, யாரும் கூட வரக்கூடாதுன்னாங்க. உங்க தாத்தா சைகோன்ல இருந்தாரு. உங்க ஆயா உள்ள நெனவில்லாம கெடந்தாங்க, பத்தாம் நாளு அவங்களும் போயிட்டாங்க. எங்கப்பாரு என்னை அறையில போட்டுப் பூட்டிட்டாரு… இல்ல, அது கூடப் பொய்யி. பூட்டல. நான்தான் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் உங்கம்மா வந்தா. ஆறு வயசு. தனியா வந்து வாசல்ல நின்னா. ‘எங்கண்ணன எங்க வச்சாங்க’ன்னா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். வாயில வரல, யூஜின். நான் பாத்தேன்னுட்டேன். காட்டுன்னா. கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனேன். உள்ள போனா எங்க பாத்தாலும் புது மண்ணு. செவுத்தோரம் ஒண்ணு இருந்துச்சு. அதான்னுட்டேன்… மண்டி போட்டா. அதுக்கப்புறம் எப்படிறா மாத்திச் சொல்றது?

இல்ல. உங்கம்மாவுக்குத் தெரியாது… சத்தியமாத் தெரியாது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவ மெழுவத்தி ஏத்துவா, நான் பக்கத்துல குந்திக்கிட்டு ஒரு கதை சொல்லுவேன். உங்கண்ணன் கடல் பாலத்துலேர்ந்து குதிச்சு சைகோன் கப்பலைத் தொட்டுட்டு வந்தான், உங்கண்ணன் தீ மிதிச்சான், உங்கண்ணன் லாஸ்பேட்டைக் காட்டுல நரியை வாலைப் புடிச்சு இழுத்துட்டு வந்தான்னு… உனக்கும் சொன்னேன் இல்ல? ஆமா, எல்லாம் நான் கட்டுனது. ஆறு வயசுல அவளுக்கு அண்ணன் மொவமே நெனவில்ல. அவகிட்ட இருந்ததெல்லாம் நான் சொன்ன சகாயம்தான்.

நெசமா?… நெசமா அவன் எப்படி இருந்தான்னா கேக்கற?

அவனுக்குக் கடலைக் கண்டா பயம்டா. முழங்கால் தண்ணிக்கு மேல எறங்க மாட்டான். மூக்கு ஒழுவிக்கிட்டே இருக்கும். ஓடுனா கடைசியா வருவான். நான் எந்தப் புளுவு புளுவுனாலும், ‘அப்படியா தணிகா’ன்னு வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பான். ஊரே சிரிக்கும், அவன் மட்டும் நம்புவான். அவ்வளவுதான் அவன்… அவ்வளவுதான்டா.

தெரியாது, யூஜின்… எங்க போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. சுண்ணாம்பு கொட்டி ஒரே பள்ளமா மூடுனாங்கன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். கிழக்காலன்னு ஒருத்தன் சொன்னான், மதிலுக்கு வெளியன்னு ஒருத்தன் சொன்னான். தெரியாது. திட்டு… திட்டுடா. கேட்டுக்கறேன்.

…

ம்… இன்னா செய்யறதுன்னு என்னையா கேக்கற? சாமியாரு இன்னா சொல்றாரு?… மூடிட்டு வேற எடத்துல வெட்டலாங்கறாரா?… யூஜின், நான் சொல்லத் தகுதியில்லாதவன். ஆனா ஒண்ணு. அந்த மெட்டி போட்ட பொம்பள யாரோ, எவ வீட்டுப் பொண்ணோ. அவளுக்கு அம்பது வருஷமா வத்தி ஏத்துனது உங்கம்மா ஒருத்திதான். வேத்தாளா அவங்க ரெண்டு பேரும்? கொஞ்சம் நவுந்து எடம் குடுக்க மாட்டாளா அவ?…

ம்… ம்… சரி. வச்சிடு. மெதுவா எறக்கச் சொல்லு. மண்ணாங்கட்டி கையால மொத மண்ணு போடச் சொல்லு. நான் வந்து அவன் கால்ல வுழறேன்.

கல்லா?… ஆமா, மரச்சிலுவை உளுத்துப் போச்சுதான். கல்லுல உங்கம்மா பேரு, சகாயம் பேரு ரெண்டுமா? அவன் அங்க இல்லியேப்பா… ம்… ஆமா. எங்கியாவது ஒரு எடத்துல அவன் பேரு இருக்கணும்தான். போடு. சகாயநாதன்னு முழுசாப் போடு.

வயசு பதிமூணா? மரத்துல அப்படித்தான் இருக்குதா?… இல்லடா. பன்னெண்டு. பன்னெண்டுதான் அவனுக்கு… அதுவும் நான்தான். மரச்சிலுவை மறுவருஷம்தான் நட்டாங்க. ஆசாரி என்னைத்தான் கேட்டாரு. எனக்கு அப்போ பதிமூணு பொறந்துடுச்சு. அவனை மட்டும் பன்னெண்டுல விட்டுட்டு வர மனசு வரல… நீ பன்னெண்டுன்னே வெட்டச் சொல்லு… யூஜின்?… கேக்குதா? பன்னெண்டு… அல்லோ… அல்லோ…