சாலக்கின் பங்குத் தண்ணீர்

தேநீரை ஆறவிடாதீர்கள், ஐயா. புதினா தாராளமாகப் போட்டிருக்கிறேன். மூன்றாவது குவளை முடிவதற்குள் விருந்தாளி எழுந்துவிட்டால் வீட்டுக்காரனுக்கு அவமானம். நீங்களும் இந்தப் பாலைவனத்துக்காரர்தான்; உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சாலக் என் தங்கை அஸீஸாவின் புருஷன். நல்லவன்தான், வாய்தான் ஓயாது. நாங்கள் இரண்டு பேரும் பாலைவனத்தில் தேடிப் போனபோது அந்தக் கல்லை முதலில் பார்த்தது அவன். பாதி இரும்பு, பாதி பச்சை மணிகள். வானத்திலிருந்து விழுவதில் அபூர்வ ஜாதி. விண்கல் பொறுக்கும் எங்கள் தொழிலில் கண்டவனுக்கே கல். கூடப் போனவனுக்கு, கண்டவன் மனசுபோல ஏதாவது கிடைக்கும். சாலக்கின் மனசு எனக்குத் தெரியும்.

பச்சை நன்றாகத் தெரியவேண்டுமென்று குடிதண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினான்.

"பாரு மச்சான், எப்படி மின்னுது! உன் மூஞ்சி ஏன் கறுத்துப்போச்சு? வயிறு எரியுதோ?"

"தண்ணியப் பாத்து ஊத்து," என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

கல் ஆட்டுக்கிடா கனம் இருந்தது. என் பைக்கில் இரண்டு பேருக்குத்தான் இடம். கல்லை விட்டுவந்தால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். சாலக்கை எவன் தூக்கப்போகிறான்? அவனே கல்லைப் பின்னால் வைத்துக் கட்டிவிட்டான்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துரு மச்சான். நாக்கு இப்பவே வறண்டுபோச்சு."

கேனில் மிச்சமிருந்தது என் பங்கு. அவன் பங்கைத்தான் கல்லுக்கு ஊற்றிவிட்டானே. கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பிப் போகத்தான் இருந்தேன். ஆனால் கல்லைப் பார்க்க ஊரே வந்துவிட்டது. தேநீர் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? ஒரு கூட்டம் மூன்றாவது குவளையை முடிக்கும்போது அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றும். எர்ஃபூத் நகரத்துக் கல் வியாபாரி வேறு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் பாதியில் எழுந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

"அண்ணே, அவரு எங்கண்ணே?" என்று அஸீஸா மறுநாளும் வாசலில் நின்று கேட்டாள்.

"வருவான். விருந்தாளிங்க முன்னால அழாதே. போய்ச் சர்க்கரை கொண்டா."

கொண்டுவந்தாள், பாவம்.

நீங்கள் அவனைக் கண்டெடுத்தபோது, நான் விட்டுவந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தானாமே. என்மேல் அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு.

மறைக்க ஒன்றுமில்லை, ஐயா. அவன் உயிரோடு வந்தால் கல் அவனுடையது. முதல் கெண்டியை அடுப்பில் ஏற்றும்போதே அது எனக்குத் தெரியும். ஊரே வந்தது என்றேனே, வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டதும் நான்தான்.

கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் வேலை. கஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்: என் வாசலிலிருந்து ஒருவன்கூடத் தாகத்தோடு போனதில்லை.