மருந்துக்குக் கேக்குதாம்

இல்லை அண்ணை, நான் சண்டைக்கு வரேல்லை. முருங்கைக்காய்க் கட்டோடை ஆராவது சண்டைக்கு வருவினமே? இது என்ரை மனுசி நாகேஸ்வரி தந்துவிட்டது. தம்பிராசா அண்ணையிட்டைக் குடுத்து மன்னிப்புக் கேட்டிட்டு வாங்கோ எண்டு விடியக் காலமை தொடக்கம் ஒரே அரியண்டம். நீங்கள் சைக்கிளுக்குக் காத்தடியுங்கோ, நான் நிண்டுகொண்டே கதைக்கிறன். இண்டைக்குக் கிளாலிக்கு வெளிக்கிடுறியளாம். திரும்பி வரேக்கை அவளுக்கு இன்னொரு போத்தல் இன்சுலின் வேணும் அண்ணை.

முகத்தைத் திருப்பாதையுங்கோ. சனிக்கிழமை கொடிகாமம் சந்தைக்குள்ளை உங்களைப் பேசினது பிழைதான். ஐஸ் போட்ட பிளாஸ்க்கிலை, நேவிக்காரன்ரை சூட்டுக்குத் தப்பி, உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு, கிளாலிக் கடல் தாண்டி ரெண்டு போத்தல் கொண்டந்து தந்த மனுசன் நீங்கள். வெயிலிலை பழுதாக்கின மருந்தை என்ரை தலையிலை கட்டிப்போட்டாய் எண்டு அத்தினை சனத்துக்கு முன்னாலை... ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. காறித் துப்புங்கோ, வாங்கிறன்.

ஆனால் மருந்தை நான் கவனிக்காமல் விடேல்லை அண்ணை. கறண்ட் இல்லாத ஊரிலை பிறிஜ்ஜுக்கு எங்கை போறது? முட்டிக்குள்ளை ஈரமணல் போட்டு, ரெண்டு போத்தலையும் புதைச்சு, நேரத்துக்கு நேரம் தண்ணி தெளிச்சனான். நாள் தவறாமல் ஊசியும் ஏத்தினனான். அப்பிடியிருந்தும் அவளின்ரை மூத்திரத்தை நீல மருந்திலை காய்ச்சிப் பாத்தால் செங்கட்டி நிறம், சீனி உச்சத்திலை! தாகமெண்டால் சொல்லி வேலையில்லை. மருந்து பழுதெண்டுதானே ஆரும் நினைப்பினம்?

சாப்பாடோ? அதைத்தான் டொக்டரும் கேட்டவர். ஞாயித்துக்கிழமை போனனான். நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னன், சீனியைக் கண்ணிலையும் காட்டிறேல்லை ஐயா, கடையிலை இருந்தால்தானே காட்டிறதுக்கு. சோறும் ஒரு கைதான். மெலிஞ்சு போனாள் எண்டு காலமை ஒரு கோப்பை தேங்காய் முதற்பால், மத்தியானம் ஆட்டுக் கொழுப்புப் போட்ட குழம்பு, பின்னேரம் நல்லெண்ணெய் மிதக்க மிதக்க முட்டைப் பொரியல். சீனி வருத்தத்துக்குச் சீனிதானே ஆகாது? அந்தாள் பேனையைக் கீழை வைச்சிட்டுது.

இராசநாயகம், மருந்திலை பிழையில்லை, உம்மடை சமையலிலைதான் பிழை எண்டார். இரத்தத்திலை நிக்கிற சீனியை உடம்புக்குள்ளை விடுற கதவுக்கு இன்சுலின்தான் திறப்பாம். கொழுப்பு அளவு மிஞ்சினால் பூட்டு இறுகிப்போமாம். பிறகு ஒரு திறப்புத் திறந்த இடத்திலை ரெண்டு மூண்டு கேக்குமாம். கோதாரி, இது ஆருக்குத் தெரியும்? எண்ணெயையும் பாலையும் குறையும், உந்த மருந்தையே ஏத்தும், ஒரு நாளும் விட்டிடாதையும் எண்டார். நான் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன்.

எண்ணெயை அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டன். அவிச்ச கீரையும் குரக்கன் பிட்டும்தான். இவளுக்கெண்டால் பெரிய சந்தோசம். இப்பதான் வருத்தம் மருந்துக்குக் கேக்குது, அந்தப் பாவி மனுசனை வீணாப் பேசிப்போட்டியள் எண்டு அழுறாள். இண்டைக்கு விடிய ரெண்டு தரம், திண்டதெல்லாம் வெளியிலை வரச் சத்தி எடுத்தவள். முருங்கைக்காய் ஆய்ஞ்ச களைப்பாம்.

ஓம், ரெண்டு போத்தல் ரெண்டு மாதத்துக்குக் காணுமெண்டு நீங்கள் சொன்னது ஞாபகம்தான். ஆசுப்பத்திரியிலை கேட்டனான், கையிருப்பு இல்லையாம், மருந்துக் கப்பல் வந்தால்தானாம். கொழும்பு மட்டும் போகாதையுங்கோ அண்ணை, நாள் போயிடும், வவுனியாவோடை திரும்புங்கோ. வாங்கிக்கொண்டு உடனை வாங்கோ.

ஏனோ? அந்தப் பம்மை ஒருக்கா வையுங்கோ. சனிக்கிழமை சந்தையாலை போன ஆத்திரத்திலை ரெண்டு போத்தல் மருந்தையும் ஊசியாலை இழுத்து இழுத்துக் கிணத்தடியிலை பீச்சிப்போட்டன். வெறும் போத்தலைக் கண்டால் பயந்துபோவாள் எண்டு, கொதிச்சாறின தண்ணியை அதுக்குள்ளை விட்டு, திருப்பி மணலுக்குள்ளை வைச்சனான். டொக்டரிட்டையும் சொல்ல வாய் வரேல்லை. இண்டையோடை நாலு நாள், அவளுக்கு நான் ஏத்திறது அந்தத் தண்ணிதான். நல்லாக் கேக்குதாம்.