தாழம்புதரடியில் எடுத்த மண்

என் பெயர் கெங்கம்மா. வயது முப்பத்தாறு இருக்கும். கணவர் எத்திராஜ், காலஞ்சென்றவர். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் குடியிருந்து கருவாடு விற்றுப் பிழைக்கிறேன். மேட்டைத் தோண்டுகிறவர்களின் கூடாரத்திலிருந்து மண் பை ஒன்றை எடுத்தது குறித்து இன்ஸ்பெக்டர் ஐயா கேட்க, நான் மனமொப்பிச் சொல்வதாவது:

யுத்த காலத்தில், பட்டணமே குண்டுக்குப் பயந்து ஓடிய வருஷம், என் மகள் பவுனம்மாள் காய்ச்சலில் இறந்தாள். அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. எங்களில் பிள்ளையைப் புதைக்கப் பெண்கள் போவதில்லை, தாய்க்கு இடத்தைக் காட்டுவதும் இல்லை. காட்டினால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். என் கணவர்தான் அவளைத் துணியில் சுற்றிக் கழிமுக மேட்டுக்குத் தூக்கிப்போனார். அடுத்த பிள்ளையும் பிறக்கவில்லை. அதன் பிறகு அவரும் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாழம்புதர் பக்கம் என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் மாசி மாதம், பழங்காலத்து ஊரைத் தேடுவதாகச் சொல்லி சர்க்கார் ஆட்கள் அந்த மேட்டைத் தோண்ட வந்தார்கள். நான் மண் கூடை சுமக்கப் போனேன். கூலிக்குப் போகிறாள் என்று குப்பம் நினைத்தது, நினைத்துவிட்டுப் போகட்டும். அங்கே மண்ணைப் பரிசோதிக்கும் ஹுமாயூன் என்பவர் ஒரு சிட்டிகை மண்ணைத் தாளில் வைத்துப் புட்டியிலிருந்து சொட்டு விடுவார். சில மண் சும்மா கிடக்கும், சில மண் நீலமாகும். என்னவென்று கேட்டதற்கு, சதையும் எலும்பும் மக்கிப்போனாலும் அதிலிருந்த சத்து மண்ணை விட்டுப் போகாது, நீலம் தெரிந்தால் அங்கே உடம்பு கிடந்திருக்கலாம் என்றார்.

அதன் பிறகு தாழம்புதரை வெட்டிய இடத்தில் சோதிக்கச் சொல்லி அவரை நச்சரித்தேன். அவரும் செய்தார். முறம் அளவு இடத்தில் மட்டும் நல்ல நீலம், சுற்றிலும் ஒன்றுமில்லை. "எம்மாம் பெரிய மேட்டுல இம்மாத்தூண்டு எடத்துல கீறியேடி என் கண்ணு" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதற்கு ஹுமாயூன் முகம் வாடி, "மீன் குடலைக் கொட்டின குழியா இருந்தாலும் இதே நீலந்தாம்மா வரும். மீனு எது, புள்ள எதுன்னு மண்ணு சொல்லாது" என்றார். என் கொழுந்தன் கோதண்டமும் வந்து, "இன்னா அண்ணி, பேஜாரு பண்ணிகினு? அங்கதான அல்லாரும் குடலு கொட்டிகினு இருந்தோம். வூட்டுக்கு வா" என்றான். குப்பத்தில் குடல் கொட்டாத இடம் எது என்று அவனை ஏசி அனுப்பினேன்.

பிறகு அந்த மண்ணைப் பையில் கட்டி, வடநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப எடுத்து வைத்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஆள் இல்லாதபோது பையை எடுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டு வந்தேன். ஹுமாயூனுக்கு இதில் சம்பந்தமில்லை, பாவம், அந்த மனுஷனை இழுக்க வேண்டாம். அன்றைக்கு அவளை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். இந்தமுறை நானே தூக்கிப்போய், நானே குழி தோண்டி, பால் ஊற்றி மண்ணைத் தள்ளினேன்.

பையைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி ஐயா கேட்கிறார். காட்டமாட்டேன். வெறும் மீன் குடலாக இருந்தால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். இருந்தால் இருக்கட்டும் ஐயா, எனக்குப் போய் உட்கார்ந்து அழ ஓர் இடம் வேண்டும்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை, யார் மிரட்டியும் சொல்லவில்லை. எழுதத் தெரியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(கெங்கம்மா, ரேகை)