செருப்பு அலமாரிக்காக ஒரு வாக்குமூலம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மலையேறுவோர் சங்கத் தலைவர் அவர்களே! முழங்கால் வலித்தாலும் முகட்டை விடாத மூத்தவர்களே! மூட்டையோடு பிள்ளைகளையும் சுமந்து ஏறி வந்திருக்கும் தாய்மார்களே! உட்காரச் சொன்னாலும் நின்றே கேட்கும் வழிகாட்டித் தோழர்களே! உங்கள் அனைவரையும் இந்த விடுதியின் மருமகள் வணங்கி வரவேற்கிறேன்.

ஐம்பதாண்டு வரலாற்றைச் சுருக்கிச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு அறை, ஓர் அடுப்பு, ஒழுகும் கூரை. அப்படித்தான் என் மாமனார் தொடங்கினார். இன்று இருபத்திரண்டு அறை. கூரையா? சிரிக்கிறவர்கள் எந்த அறையில் படுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்!

ஆனால் எங்கள் வரலாறு வாசலில் இருக்கும் செருப்பு அலமாரியில்தான் இருக்கிறது. மலைக்குப் புறப்படுகிறவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, தம் செருப்பை அதில் விட்டுப் போவார். திரும்பியதும் எடுத்துக்கொள்வார். மாலை ஐந்து மணிக்கு மாமனார் வந்து பார்ப்பார். ஒரு ஜோடி மிச்சமிருந்தால், மலையில் ஒரு மனிதர் மிச்சமிருக்கிறார். உடனே ஆட்கள் கிளம்புவார்கள்.

அந்த அலமாரியை எடுத்துவிட்டு வரவேற்பு மேசை போடப்போவதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். "அதை நம்பித்தானே அப்பாவே ஒரு தடவை கோட்டை விட்டாரு? இப்பதான் எல்லார்கிட்டயும் போன் இருக்கே!" உங்களுக்கும் தெரிந்த கதைதான். பள்ளத்தில் ஓர் ஆசிரியர் கால் முறிந்து கிடந்தார். இங்கே பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது என்ன? நான் கல்யாணமாகி வந்த ஒன்பதாம் நாள் அது. நல்ல பெயர் வாங்கும் ஆசையில், அலமாரியில் சேறு அப்பியிருந்த ஒரு ஜோடியைக் கழுவி அடுப்புக்குப் பின்னால் காயவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மணிக்கு அலமாரி காலி. மாமனார் நிம்மதியாகத் தட்டின் முன் உட்கார்ந்தார். விறகெடுக்கக் குனிந்தேன். செருப்பு இருந்தது. ஆள் வரவில்லை!

சொல்வதா? சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிடுவதா? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போனேன். "மாமா, இதைக் காலையிலயே நான்தான் எடுத்தேன்" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டுக் கயிற்றை எடுத்தார். "அழாதம்மா. வெந்நீர் போட்டு வை, வந்துடறோம்."

இருட்டுவதற்குள் ஆசிரியரைத் தூக்கி வந்தார்கள். "வருவீங்கன்னுதான் இருந்தேன். நேரமாக ஆக அந்த நம்பிக்கையும் போயிடுச்சுங்க" என்று அவர் விம்மினார். எப்படித் தவறியது என்று எல்லாரும் கேட்டார்கள். மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சரியாப் பார்க்கல" என்றார். அந்தப் பழியோடு வாழ்ந்தார். அந்தப் பழியோடே போனார். நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

முன்வரிசையில் இருக்கும் என் வீட்டுக்காரரே! போன் இருக்கிறது, அந்தப் பள்ளத்தில் சிக்னல் இருக்கிறதா? வழிகாட்டிகள் சிரிக்கிறார்கள், பாருங்கள்! படுக்க இடம் கொடுத்தால் விடுதியா? பசிக்குச் சோறு போட்டால் விடுதியா? இன்னும் வரவில்லையே என்று பதற ஓர் ஆள் இருந்தால் அல்லவா அது விடுதி!

உங்கள் அப்பா கோட்டை விடவில்லை. அலமாரியும் பொய் சொல்லவில்லை. பொய்யாக்கியவள் நான். இதைச் சொல்ல எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. மாமா, உங்களுக்கு என் வணக்கம்.